வலது மூளைப் பிள்ளையிடம் பிடிபட்ட வகுத்தல் கணக்கு

மனித மூளைக்குக் கதவு வைத்துப் பூட்டும் போட்ட முதல் பள்ளிக்கூடம் என்ற பெருமை அந்தப் பள்ளிக்கூடத்துக்கே உரியது. மற்ற பள்ளிக்கூடங்கள் இன்னமும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் காலத்தை வீணடித்துக்கொண்டிருக்கின்றன.

தலைமையாசிரியர் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்வந்த மறுநாள் இந்தப் புரட்சி தொடங்கியது. அவருடைய அறை 'பெருமூளை' ஆயிற்று. வாட்ச்மேன் கூண்டு 'முகுளம்'. பந்தும் வலையும் அடைந்துகிடந்த அறைக்குச் 'சிறுமூளை' என்று பலகை மாட்டினார்கள். உடம்பு தள்ளாடாமல் நிற்பதே அந்தப் பகுதியின் தயவில்தான் என்று எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் விளையாட்டு ஆசிரியருக்கு மனசு ஆறவில்லை.

"அது ஏன் சார் எனக்கு மட்டும் சிறுசு?" என்று பார்ப்பவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

முகாமிலிருந்து ஒரு மூளை ஆலோசகரும் கூடவே வந்திருந்தார். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, இரண்டு கை விரல்களையும் கோக்கச் சொன்னார். வலது கட்டைவிரல் மேலே வந்தால் 'இடது மூளை': கணக்கும் அறிவியலும். இடது கட்டைவிரல் மேலே வந்தால் 'வலது மூளை': ஓவியமும் பாட்டும். பெற்றவர்களுக்கே பிடிபடாத விஷயம் ஒரு மத்தியானத்தில் தீர்ந்தது. அவரவர் மூளையை அட்டையில் அச்சடித்து, லாமினேஷன் செய்து, கழுத்தில் மாட்டி, நடு வராந்தாவுக்கு அந்தப் பக்கம் இடது மூளை, இந்தப் பக்கம் வலது மூளை என்று பிரித்துவிட்டார்கள்.

அறிவியல் டீச்சர் மட்டும் மென்று விழுங்கினார். "சார், ரெண்டு பாதிக்கும் நடுவுல நரம்புப் பாலம் ஒண்ணு இருக்கு. எதைக் கத்துக்கிட்டாலும் ரெண்டும் சேர்ந்துதான்..."

"தெரியும்மா. அதுக்குத்தானே நடு வராந்தாவைப் பூட்டி வச்சிருக்கேன்!"

ஓவிய ஆசிரியருக்கு இதில் உள்ளூரக் கொண்டாட்டம். இதுவரை அவருடைய பீரியடைக் கேட்காமலே எடுத்துக்கொண்ட கணக்கு டீச்சர் இப்போது பூட்டுக்கு அந்தப் பக்கம். பாதிப் பள்ளிக்கூடம் இவர் கையில். நிரந்தரமாகாத வேலைகூட வலது மூளையின் புண்ணியத்தில் நிரந்தரமாகிவிடும் போலிருந்தது.

உறுத்தல் ஒன்றே ஒன்றுதான். கூடப் படிக்கும் பிள்ளைகள் கணக்குப்புலி என்று கூப்பிடுகிற சிறுமி, வலது மூளைப் பிள்ளையாக அவரிடம் வந்து சேர்ந்திருந்தாள். மரம் வரையச் சொன்னால் வரைவாள். பிறகு இலைகளை எண்ணிக் கிளைகளால் வகுப்பாள்.

"இது என்னம்மா?" என்று வகுத்தல் கோட்டைக் காட்டிக் கேட்பார்.

"கிளை சார்."

"கிளைக்குள்ள எதுக்கு நம்பர்?"

"பழம் சார்."

கணக்குப் போடும்போது அந்த முகத்தில் வரும் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, அதைக் கெடுக்க அவருக்கு மனம் வராது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஒருநாள் ஆலோசகர் சோதனைக்கு வந்தார். மரம் பிடிபட்டது. உடனே பெருமூளையில் விசாரணைக் குழு கூடியது.

"யார் குடுத்தது இந்தக் கணக்கை?" என்றார் தலைமையாசிரியர்.

"யாரும் குடுக்கல சார். நானாத்தான் போட்டேன்."

"தானாவே போட்டிருக்கா!" ஆலோசகர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கணக்கு டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தார். "விடை சரியாத்தான் இருக்கு சார்."

"அப்ப இன்னும் மோசம். தப்பா இருந்தா கற்பனைன்னு விட்டிருக்கலாம். கோளாறு இவ மூளையிலதான்," என்றார் ஆலோசகர்.

"அப்ப இவளை வேற ஸ்கூல் பாத்துக்கச் சொல்லிட வேண்டியதுதான்," என்றார் தலைமையாசிரியர்.

சிறுமியின் உதடு துடித்தது.  வேலை போனால் போகட்டும் என்று ஓவிய ஆசிரியர் வாயைத் திறந்தார்.

"சார், நீங்க டெஸ்ட் வச்ச அன்னைக்கு இவ இடது கட்டைவிரல் கதவுல நசுங்கி, பந்து மாதிரி கட்டு போட்டிருந்தாங்க. மடக்க முடியாமத்தான் அதை மேல வச்சா. இப்ப கோக்கச் சொல்லிப் பாருங்க."

சிறுமி கோத்தாள். வலது கட்டைவிரல் கம்பீரமாக மேலே வந்து உட்கார்ந்தது.



"டெஸ்ட் தப்பாகாது," என்றார் ஆலோசகர்.

"அட்டையை லாமினேஷன் வேற பண்ணியாச்சு," என்றார் தலைமையாசிரியர்.

இரண்டும் மறுக்க முடியாத உண்மைகள். கொஞ்ச நேரம் கழித்து ஆலோசகரின் முகம் மலர்ந்தது. "ஏன் சார், அன்னைக்குக் கட்டு இருந்ததாலதானே ரிசல்ட் வந்துச்சு? கட்டு அப்படியே இருந்துட்டா ரிசல்ட்டும் அப்படியே இருக்கும்ல?"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பள்ளிக்கூடத்துக்கு வரும்போதெல்லாம் சிறுமியின் இடது கட்டைவிரலில் கட்டு இருக்கும். பிள்ளையை வெளியே அனுப்பவும் வேண்டாம்.

"நீங்கதானே சார் காரணத்தைக் கண்டுபிடிச்சீங்க, நீங்களே கட்டிவிடுங்க," என்று தலைமையாசிரியர் ஓவிய ஆசிரியரின் தோளில் தட்டினார். "வேலையை நிரந்தரம் பண்றது பத்தியும் பேசிடலாம்."

சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. "சரிங்க சார்" என்பதுதான் வாயில் வந்தது. அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஓவியக்காரர் கை அல்லவா, கட்டு வெகு அழகாக அமைந்தது.

சாயங்காலம் வாசலில், முகுளத்தருகே சிறுமியின் அம்மா காத்திருந்தாள். மகளின் கையைப் பார்த்ததும் பதறிவிட்டாள்.

"ஐயையோ, மறுபடியுமா! எங்கடி அடிபட்டுச்சு?"

ஓவிய ஆசிரியர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். சிறுமி அவரை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள்.

"மூளையிலம்மா. விரல்ல கட்டு மட்டுந்தான். சார்தான் போட்டுவிட்டாரு."