ஆணி அடிக்காத ஷெல்ஃப்

குளித்து முடித்துத் துண்டுக்குக் கையை நீட்டினாள் அவள். கையில் சிக்கியது துண்டு இல்லை. ஒரு மாண்டலினின் கழுத்து.

"ஏங்க! என் துண்டு எங்கே?"

"மாண்டலினுக்குப் போர்த்தியிருக்கேன்மா. இப்பத்தான் பசை போட்டேன். ஈரக்காத்து பட்டா அதுக்கு ஆகாது."

"எனக்கு ஆகுமா?"

வெளியே மரத்தை இழைக்கிற சத்தம்தான் கேட்டது.

"ஈரம் ஆகாதுன்னா குளிக்கிற இடத்துல எதுக்குத் தொங்குது?"

"வீட்ல காலியா இருந்த கடைசிக் கொக்கி அதுதான்மா."

அன்றைக்குத்தான் சட்டம் பிறந்தது. தலையில் தண்ணீர் சொட்டச் சொட்டப் பட்டறை வாசலில் வந்து நின்று அறிவித்தாள். "இனிமே இந்த வீட்டுக்குள்ள புதுசா ஒரு குச்சி வரக் கூடாது. இருக்கிற மரமெல்லாம் முதல்ல வாத்தியமாகி வெளிய போகட்டும். அதுவரைக்கும் பல் குத்துற குச்சியா இருந்தாலும் என்கிட்ட காட்டிட்டுத்தான் உள்ள வரணும்."

அவள் கணவர் தலையை ஆட்டினார். அவரைத் தெருவே 'கிதார் வைத்தியர்' என்றுதான் கூப்பிடும். கழுத்து சுளுக்கிய வயலின், வயிறு உப்பிய மாண்டலின், மேலிருந்து விழுந்து இடுப்பொடிந்த கிதார் எல்லாம் அவர் வாசலுக்குத்தான் வரும். பின்னறைதான் பட்டறை. பின்னறை என்று பெயர்தானே தவிர, அது எப்போதோ முன்னறை வரைக்கும் நடந்து வந்துவிட்டது. கட்டிலுக்கு அடியில் மரம், பீரோவுக்கு மேல் மரம். வஜ்ஜிரப் பசை காய்ச்சுகிற சட்டி பால் சட்டிக்குப் பக்கத்திலேயே குடித்தனம் நடத்தியது. அவளும் சும்மா இருக்கவில்லை. மரத்தைக் கவ்விப் பிடிக்கிற அவருடைய குட்டிக் கிளாம்புகளைப் பறித்துக்கொண்டு போய்ப் பாப்பாவின் துணிகளைக் கொடியில் மாட்டினாள். பாப்பா முதலில் பேசிய வார்த்தை அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. 'டொய்ங்'.

சட்டத்தை மதித்து நடக்கலாம் என்றுதான் இருந்தார் வைத்தியர். பாட்டு டீச்சர் வந்து கெடுத்தார்.

"பழுது பார்த்தது போதும். எனக்குப் புதுசாவே ஒரு கிதார் செஞ்சு குடுங்க," என்றார் டீச்சர். "ஆனா மேல்பலகைக்கு எந்த மரம் போடுறீங்கன்னு முதல்ல என் கண்ணால பார்க்கணும். இந்த வாரக் கடைசியில வர்றேன். பிடிக்கலைன்னா கடையில வாங்கிக்கிறேன், தப்பா நினைக்காதீங்க."

வைத்தியருக்குக் கால் தரையில் பாவவில்லை. இத்தனை நாள் சுளுக்கு வழித்துக்கொண்டிருந்தவருக்கு முதல் முதலாகப் பிரசவம் பார்க்கச் சொல்லி அழைப்பு வந்திருக்கிறது. வீட்டிலிருந்த மரத்தையெல்லாம் புரட்டினார். கழுத்துக்கு ஆகும், முதுகுக்கு ஆகும். கிதாருக்குக் குரல் கொடுப்பது மேல்பலகை. அதற்கு ஒன்றும் தேறவில்லை.

அப்போதுதான் கடைத்தெருவில் ஒரு பழைய நாடகக் கொட்டகையை இடித்துக்கொண்டிருந்தார்கள். குப்பையோடு குப்பையாகக் கிடந்தது ஒரு தேவதாருப் பலகை. வாரிவிட்ட தலைமுடி மாதிரி நேர் நேரான இழை. இரண்டாகப் பிளந்து புத்தகம்போல விரித்தால் அப்படியே ஒரு கிதாரின் நெஞ்சு. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். கோயில் மணியை யாரோ பஞ்சால் அடித்தது மாதிரி ஒரு முழக்கம் எழுந்து, போக மனமில்லாமல் போனது.

"அடுப்புக்கா? தூக்கிட்டுப் போங்க," என்றார் மேஸ்திரி.

அடுப்புக்கா! வைத்தியர் காதைப் பொத்திக்கொள்ளாத குறை.

தூக்கிவிட்டார். வழி முழுக்கப் பலகையைவிடப் பயம்தான் கனத்தது. வாசலிலேயே அவள் நின்றுகொண்டிருந்தாள், இடுப்பில் பாப்பாவோடு.

"என்னது அது?"

மாட்டிக்கொண்ட மனுஷனுக்கு அந்த நேரம் பார்த்து மூளை வேலை செய்யும் பாருங்கள், அதுதான் ஆபத்து.

"ஷெல்ஃப்!" என்றார் வைத்தியர்.

"என்ன ஷெல்ஃப்?"

"உனக்குத்தாம்மா. அடுப்படியில டப்பா வைக்க இடமில்லைன்னு நீ எவ்வளவு நாளா கேட்டுட்டு இருக்கே! மனசு கேட்கலை. ஒரு பலகை கொண்டு வந்துட்டேன்."

அவள் அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். அப்புறம் கீழிருந்து மேல் வரை பார்த்தாள். சுவரில் ஆணி அடித்து ஒரு காலண்டர் மாட்டித் தராத மனுஷன்.

"பாப்பா, உங்க அப்பாவுக்கு உடம்பு சரியா இருக்கான்னு கேளு," என்றாள். ஆனால் வழி விட்டாள்.

திட்டம் சுலபமானது. நாலு நாள் பலகை அடுப்படியில் ஷெல்ஃபாக நிற்கும். அப்புறம் ஏதாவது சாக்குச் சொல்லிக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டு போய்விடலாம். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு, சுவரில் இரண்டு இரும்புத் தாங்கிகளைப் பொருத்தி, அதன்மேல் பலகையைப் பூப்போல வைத்தார். பலகையில் ஓர் ஆணி இல்லை, ஒரு திருகாணி இல்லை.

"கனமா எதையும் வைக்காதே," என்றார்.

"சரி."

"எண்ணெய் டப்பா வேண்டாம். உப்பு வேண்டாம். ஈரப் பாத்திரம் கூடவே கூடாது."

"அப்ப என்னதாங்க வைக்கிறது?"

"காலி டப்பா."

"காலி டப்பா வைக்கவா ஷெல்ஃப் கேட்டேன்?"

அதற்குப் பிறகு வைத்தியர் படாத பாடு பட்டார். தாளிக்கிற சத்தம் கேட்டால் பட்டறையிலிருந்து ஓடி வருவார். குக்கர் விசில் அடித்தால் ஆவி பட்டுவிடுமோ என்று ஜன்னலைத் திறப்பார். அவள் எண்ணெய்க் கரண்டியோடு அந்தப் பக்கம் திரும்பினாலே இவர் குறுக்கே போய் நிற்பார். யாரும் இல்லாத சமயம் பார்த்து ஒரு டப்பாவை நகர்த்திவிட்டு, பலகையைத் தட்டி, காதை வைத்துக் கேட்பார். ஒரு தரம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் திறந்தால், எதிரில் அவள்.

"என்ன, ஷெல்ஃபுக்குக் காய்ச்சலா?"

"எறும்பு... எறும்பு ஓடுதான்னு பார்த்தேன்."

"எறும்பு ஓடுற சத்தம் கேட்குதா உங்களுக்கு? நான் கத்துறது மட்டும் கேட்க மாட்டேங்குது!"

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். ஆடு திருடிய கள்ளன் மாதிரி நின்றார் வைத்தியர்.

மறுநாள் அவர் கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் ஷெல்ஃப் சட்டை போட்டுக்கொண்டிருந்தது. பழைய ஜன்னல் திரையைக் கிழித்துத் தலையணை உறைபோல நாலு பக்கமும் இழுத்துத் தைத்திருந்தாள்.

"எண்ணெய் படக் கூடாதுன்னீங்களே. அதான் உறை. நல்லா இருக்கா?"

வைத்தியருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட உத்தமியையா ஏமாற்றுகிறோம் என்று ஒரு நிமிஷம் மனசு குத்தியது. குத்தின இடத்தைத் தடவிவிட்டுக்கொண்டார். ஆள் இல்லாதபோது உறைமேல் தட்டிப் பார்த்தார். சத்தம் கொஞ்சம் அடங்கித்தான் கேட்டது. துணிதான் குரலை அமுக்குகிறது, கழற்றினால் சரியாகிவிடும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

நிம்மதி நீடிக்கவில்லை. சாயங்காலமே சுத்தியலோடு வந்துவிட்டாள்.

"பக்கத்து வீட்டு அக்கா ஷெல்ஃபைப் பார்த்து அசந்துட்டாங்க. ஆனா ஆணியில்லாம நிக்குதே, பாப்பா தலையில விழுந்தா என்ன ஆகும்னு கேட்டாங்க. பெரிய ஆணியா நாலு அடிச்சிடுங்க."

நாலு ஆணி! மேல்பலகையில் நாலு ஓட்டை!

"ஆணி எங்கம்மா ஓடிப் போயிடும்? அதைவிட அவசரம் தொட்டில் கால். ஆடுது பாரு. முதல்ல அதை முடிச்சுடறேன்."

"அப்படியா? நீங்க சொன்னா சரி."

தொட்டில் கால் வயலின் கழுத்து மாதிரி பசை வைத்துப் பூட்டப்பட்டது. மறுபடி சுத்தியல் வந்தது. வைத்தியர் ஜன்னலுக்கு ஓடினார். ஜன்னல் முடிந்ததும் சுத்தியல் வந்தது. குளியலறைக் கதவுக்குத் தாவினார். மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு, சாத்த இரண்டு ஆள் வேண்டியிருந்த கதவு. அதை இழைத்து இழைத்து, உப்புத்தாள் போட்டு, ஒற்றை விரலால் தள்ளினால் மூச்சு விடாமல் போய்ச் சாத்திக்கொள்கிற மாதிரி ஆக்கினார். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்கத்தான் ஒரு தரம் கடைத்தெருவுக்கே போய் வந்தார். இதையெல்லாம் செய்யச் சொல்லி அவள் கேட்ட காலத்தில் இந்தக் கைகள் எங்கே போயிருந்தனவோ தெரியவில்லை. இப்போது அவள் வாயைத் திறக்கக்கூட வேண்டியதில்லை. சுத்தியலைக் கையில் எடுத்தால் போதும், வீட்டில் ஒரு பழுது குறையும்.

பழுதுகள் தீர்ந்துபோயின. வாரமும் தீர்ந்துபோனது. விடிந்தால் டீச்சர் வந்து நிற்பார். அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காலி டப்பாக்களுக்கு நடுவிலா மரத்தைக் காட்டுவது?

சாக்கு ஏற்கெனவே தயார். பட்டறையில் வேறு எதற்குப் பஞ்சம் வந்தாலும் மரத்தூளுக்குப் பஞ்சமா? இரண்டு கை அள்ளிக்கொண்டு வந்து ஷெல்ஃபுக்கு நேர் கீழே தூவினார். பிறகு குரலெடுத்தார்.

"ஐயையோ! போச்சு போச்சு! இங்க வாம்மா, ஷெல்ஃபுல பூச்சி விழுந்துடுச்சு! மரத்தை அரிச்சுத் தள்ளியிருக்கு பாரு!"

அவள் வந்தாள். குனிந்தாள். தூளை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ஒரே நாள்ல இவ்வளவா? பூச்சியா, பெருச்சாளியா?"

"இது... பெரிய ஜாதிப் பூச்சி. நீ ஒண்ணும் கவலைப்படாதே. நான் கழற்றிப் பட்டறைக்குள்ள கொண்டு போய் வைத்தியம் பார்க்கிறேன்."

"பட்டறைக்குள்ளயா!" அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "நீங்கதானே சொல்வீங்க, பூச்சி பட்ட மரம் ஒரு நிமிஷம்கூட நல்ல மரம் பக்கத்துல இருக்கக் கூடாது, பார்த்த உடனே நெருப்புல போடணும்னு? முன்னாடி ஒரு மாண்டலினை வாங்காம வாசலோட திருப்பி அனுப்பினீங்களே, அதுல ரெண்டு ஓட்டை இருக்குன்னு!"

சொன்னது அவர்தான். ஊரெல்லாம் சொன்னார். தொழில் தர்மம்.

அவர் வாயை மூடுவதற்குள் அவள் டப்பாக்களை இறக்கினாள், பலகையை உறையோடு அக்குளில் இடுக்கிக்கொண்டாள். போகிற போக்கில் பட்டறைச் சுவரிலிருந்து அவருடைய ரம்பத்தையும் எடுத்துக்கொண்டாள். யாரையும் தொடவிடாத ரம்பம்.

"ஏம்மா! எங்க போறே?"

"வெந்நீர் அடுப்புக்கு. முழுசா நுழையாது. ரெண்டா அறுத்துடறேன்."

பின்கட்டில் பலகையைத் துவைக்கிற கல்லின்மேல் சாய்த்து, ஒரு காலால் மிதித்து, ரம்பத்தை வைத்தாள். முதல் இழுப்பு 'கர்ர்' என்றது. அது வைத்தியரின் விலா எலும்பில் கேட்டது.

"நிறுத்து!" ஓடிப்போய்ப் பலகையைக் கட்டிக்கொண்டார். "அறுக்காதே! அது ஷெல்ஃப் இல்லை! தேவதாரு! டீச்சர் கிதாருக்கு! பூச்சியும் இல்லை ஒண்ணும் இல்லை, தூளு நான் போட்டது! மரம் கொண்டு வந்தா நீ திட்டுவேன்னு பொய் சொன்னேன்! என்னை வேணும்னா ரெண்டா அறு!"

பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு நாசூக்காகத் தலையை இழுத்துக்கொண்டார்.

அவள் ரம்பத்தைக் கீழே வைத்தாள். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. உறையின் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்துப் பலகையை வெளியே உருவினாள்.

தேவதாரு இல்லை. வாரிவிட்ட தலைமுடி இல்லை. சொரசொரவென்று ஒரு பெட்டிப் பலகை. அதன்மேல் கறுப்பு மையில் எழுதியிருந்தது: 'கண்ணாடிச் சாமான். கவனம்.'

"உறை தைச்ச அன்னைக்கே மாத்திட்டேன்," என்றாள். "தினமும் தட்டித் தட்டிக் கேட்டீங்களே, என்னங்க சொல்லுச்சு?"

வைத்தியர் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். ஊரில் எவர் கொண்டு வந்தாலும் ஒரு தட்டுத் தட்டி மரத்தின் ஜாதகமே சொல்கிற காது அது.

"முதல் நாளே தெரியுமா உனக்கு?"

"ஆணியே அடிக்காம ஒருத்தர் ஷெல்ஃப் மாட்டினா வேற என்ன நினைக்கிறது? சட்டத்தைச் சட்டை பண்ணாதவர்கிட்ட நாலு வேலையாவது வாங்குவோமேன்னு பார்த்தேன்."

"மரம்? என் மரம் எங்கே?"

"உங்க பட்டறையிலதான். சுவரோரமா நிக்க வெச்சிருக்கேன். அது மேலதான் தினமும் உங்க சட்டையைக் கழட்டிப் போடுறீங்க."

அவர் எழுந்து ஓடப் பார்த்தார். அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இருங்க, இன்னும் முடியலை. நீங்க தாழ்ப்பாள் வாங்கப் போயிருந்தப்பவே டீச்சர் வந்துட்டாங்க. நான்தான் மரத்தைக் காட்டினேன். தட்டிப் பார்த்துட்டு, இதைத் தவிர வேற எதுவும் வேண்டாம், நீங்கதான் செய்யணும்னு சொல்லிட்டாங்க."

வைத்தியருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பொய், ரம்பம், பெட்டிப் பலகை எல்லாம் மறந்துபோயிற்று. "நிஜமாவா! எப்ப ஆரம்பிக்கச் சொன்னாங்க?"

"அது நம்ம கையில இல்லைங்க. நம்ம குளியலறைக் கதவு சாத்துற அழகைப் பார்த்து டீச்சர் அப்படியே நின்னுட்டாங்க. அவங்க வீட்ல ஒரு கதவுகூட சாத்த மாட்டேங்குதாம். முதல்ல கதவு, அப்புறம் கிதார்னு நாங்க பேசி முடிச்சுட்டோம். நாளைக்கு டீச்சர் இங்க வரலை, நீங்கதான் அங்க போறீங்க."