ஆரணியின் காதும் எனது வரைபடமும்

முதல் பிள்ளைக்கு நோய் வருத்தம் வந்தால் தகப்பன்மாருக்குப் புத்தி கொஞ்சம் கழன்றுவிடும். எனக்கு முழுதாகவே கழன்றது. (நான் கணித ஆசிரியன் என்பதால் அது எனக்கு மட்டும் தெரியவில்லை.)

மகள் ஆரணிக்கு அப்போது இரண்டு வயது. காதுக்குள் கிருமித் தொற்று. மருதனார்மடத்தில் டொக்டர் அம்மா பார்த்துவிட்டு ஒரு தாளைத் தந்தார். காய்ச்சல், அழுகை, காதைப் பிடித்து இழுப்பது, சாப்பாடு, நித்திரை என்று ஐந்து விடயங்கள். ஒவ்வொன்றின் கடுமைக்கும் பூச்சியத்திலிருந்து இரண்டு வரை புள்ளி.

"இப்ப அன்ரிபயோட்டிக் வேண்டாம், மாஸ்டர். நோவுக்கு மட்டும் பாணி மருந்து குடுங்கோ. காலமையும் பின்னேரமும் புள்ளி போடுங்கோ. ரெண்டு நாளிலை உண்மையாத் தேறேல்லையெண்டால் கொண்டு வாங்கோ, மருந்து தொடங்குவம்."

நாளுக்கு இரண்டு தடவை என்பதை நான் மணிக்கு ஒரு தடவை என்று திருத்திக்கொண்டேன். புதுக் கொப்பி, வரைபடத் தாள், சிவப்புப் பேனை! முதல் நாள் எட்டுப் புள்ளி. மறுநாள் காலை நான்கு! சமைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் குசினிக்குள் ஓடினேன்.

"கௌரி, கோடு இறங்குது பார்!"

"எனக்குப் பிள்ளையைப் பாத்தாலே தெரியுது" என்றாள் அவள்.

மதியத்துக்குப் பிறகு கோடு திரும்பி ஏறியது. "காது நோகுதோ?" என்று கேட்கும் போதெல்லாம் ஆரணி காதைப் பிடித்து "ஓம்" என்றாள். பாவம் பார்த்து ஒவ்வொரு தடவையும் ஒரு பிஸ்கட் கொடுத்தேன். சோறு வேண்டாம் என்றாள்: இரண்டு புள்ளி. நித்திரையில்லை: இரண்டு. (கேள்வி கேட்க எழுப்பியது நான்தான்.) பிஸ்கட் ரின்னை மூடியதும் வீடே அதிர அழுதாள்: இன்னும் இரண்டு. காதுக்கும் இரண்டு. மொத்தம் எட்டு!

"இஞ்சேருங்கோ, பிள்ளை காலமையிலையிருந்து கோழியைக் கலைச்சுக்கொண்டு திரியிறாள். அவளுக்குச் சுகம்."

"கோழிக்கு உதிலை புள்ளியில்லை!" என்று கத்திவிட்டு இருவரையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றினேன். டொக்டரின் மருந்தகத்தில் வரைபடத்தை உயர்த்திப் பிடித்து "அவசரம்! அவசரம்!" என்றேன். காத்திருந்த தாய்மார் பயந்து வழிவிட்டார்கள்.

டொக்டர் காதைப் பார்த்தார். "நல்லாத் தேறியிருக்கே."

"எட்டு, டொக்டர்! எட்டு!"

அவர் ஆரணியிடம் குனிந்தார். "காது நோகுதோ?"

"ஓம்."

"மூக்கு நோகுதோ?"

"ஓம்."

"இந்த மேசை நோகுதோ?"

"ஓம்" என்று ஆரணி இரண்டு கைகளையும் என்னிடம் நீட்டினாள். "பிக்கட்!"

திரைக்கு அப்பால் தாய்மார் சிரித்த சிரிப்பு சந்தைவரை கேட்டிருக்கும்.

டொக்டர் கௌரியிடம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கோ, பிள்ளை எப்பிடி?"

"நேற்று என்ரை மடியை விட்டு இறங்கேல்லை, டொக்டர். இண்டைக்கு மடியிலை இருக்கிறாளேயில்லை."

"நான் கேட்ட தேறுதல் இதுதான்" என்றார் டொக்டர். எனது கொப்பியை அவர் திறக்கவேயில்லை. அன்ரிபயோட்டிக்கும் தேவைப்படவில்லை.

இப்போது ஆரணி ஐந்தாம் வகுப்பு. போன கிழமை தாயின் காதுக்குள் அவள் குசுகுசுத்தது கதவுக்கு வெளியே நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அம்மா, தொண்டை நோகுது. அப்பாவுக்குச் சொல்லிப் போடாதேங்கோ. பிறகு என்னை நித்திரை கொள்ள விடமாட்டார்."