புத்தூர்க் கல்லின் சாம்பல்

கோகுலன் கை கழுவிவிட்டுத் திரும்பியபோது, அருளம்பலம் ஐயா பிள்ளையார் படத்தின் கீழ் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அங்கே மேசையில் இருந்த வெள்ளைப் பீங்கான் கிண்ணத்துக்குள் மூன்று விரல்களை விட்டு நெற்றி நிறையப் பூசினார்.

"சிவ சிவா" என்று ஒரு சிட்டிகையை நாக்கிலும் போட்டுக்கொண்டார்.

கோகுலன் பதறிக் கிண்ணத்தைப் பார்த்தான். கிண்ணத்தில் இருந்தது திருநீறு அல்ல. ஐயா பரிசோதிக்கக் கொடுத்த கல்லின் சாம்பல்.

புத்தூரில் ஐயாவின் வாழைத்தோட்டத்தில் கிணறு ஆழமாக்கியபோது கறுப்பாய் மினுங்கும் கல் ஒன்று வந்தது. காரீயம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பென்சிலுக்குள் இருக்கும் அதே காரீயம், ஒருவகைக் கரி. அவ்வளவுதான், தோட்டம் முழுவதையும் கிண்டிச் சுரங்கமாக்கத் தீர்மானித்து, கல்லை நெல்லியடியில் கோகுலன் வேலை செய்யும் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்தார். அவருடைய மகள் தனுசியா தொலைபேசியில் எச்சரித்திருந்தாள்.

"அப்பா சும்மா வரேல்லை. ஒரு கல்லை ஒழுங்காப் பாக்கத் தெரியாதவனுக்கு எப்பிடிப் பிள்ளையைக் குடுக்கிறது எண்டு கேக்கிறார். தயவுசெய்து கனவு காணாமல் வேலையைப் பாருங்கோ."

கனவு காணாமல் எப்படி இருப்பது? கல்லை இடித்துப் பொடியாக்கி, ஈரம் போகக் காயவைத்து, நிறுத்து, உலையில் வைத்து எரிக்கவேண்டும். கரியெல்லாம் காற்றோடு போய்விடும். மிஞ்சும் சாம்பலை நிறுத்தால், போன கரி எவ்வளவு என்று தெரியும். காணாமல் போனதைக் கணக்கெடுக்கும் இந்த வேலை கோகுலனுக்கு மிகவும் பிடித்திருந்தது. உலையின் செம்மஞ்சள் வெளிச்சத்துக்கு முன்னால் நின்றால் போதும், மணவறையும் நாதஸ்வரமும் கூறைச்சேலையில் தனுசியாவும் மெல்ல மிதந்து வருவார்கள். இன்று காலையும் வந்தார்கள். தாலி கட்டி முடிந்த கையோடு கிண்ணத்தை வெளியே எடுத்து ஆறவைத்ததாக ஞாபகம்.

இப்போது விடை முழுவதும் வருங்கால மாமனாரின் நெற்றியில் மூன்று கோடுகளாக இருந்தது.

நிறுக்கும் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு அவன் பக்குவமாக நெருங்கினான்.

"ஐயா, நெத்தியெல்லாம் வேர்வை. ஒருக்கால் துடைச்சுவிடட்டோ?"

"வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் வீபூதியைத் துடைக்கப்போறீரோ? நீர் கோயில் பக்கம் போறனீரோ, இல்லையோ?"

"ஐயோ, போறனான் ஐயா! எனக்கும்... எனக்கும் கொஞ்சம் பூசிவிடுங்கோ."

ஐயா மனம் குளிர்ந்து, கிண்ணத்தில் மிஞ்சியதை ஒட்ட வழித்து அவன் நெற்றியில் அப்பினார். கிண்ணம் கழுவிக் கவிழ்த்த மாதிரி ஆயிற்று.

இருப்பதாவது பறக்காமல் இருக்கட்டும் என்று கோகுலன் மின்விசிறியை நிறுத்தினான். ஐயாவுக்கு வேர்த்துக் கொட்டியது. விடை மூக்கு வழியாக இறங்கி மீசைக்குள் புகுந்தது.

"சரி, இப்ப சொல்லும். எத்தினை வீதம் கரி?"

வாய்க்கு வந்த ஓர் எண்ணைச் சொல்லிவிடலாம். ஆனால் பொய்யான எண்ணை நம்பி அந்த மனிதர் தோட்டத்தைக் கிண்டினால்? கோகுலனுக்கு அழுகையே வந்தது.

"ஐயா, என்னட்டை விடை இல்லை. நீங்கள் பூசினது வீபூதியில்லை, உங்கடை கல்லின்ரை சாம்பல்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடினான். கூறைச்சேலை தானே மடிந்து பெட்டிக்குள் போவது தெரிந்தது.

யன்னலுக்கு வெளியே வேப்பம்பூ உதிர்ந்துகொண்டிருந்தது. கண்ணைத் திறந்தால், ஐயாவின் கண்கள் கலங்கியிருந்தன.

"அதுதான் நாக்கிலை போட்டோன்னை உப்பாய் இருந்தது. கண்ணீர் மாதிரி" என்றார் மெதுவாக. "என்ரை மண் அழுகுது தம்பி. என்னைக் கிண்டாதை எண்டு கேக்குது."

"ஐயா..."

"மச்சம் மாமிசம் அறியாத நாக்கு இது. இது அறிஞ்சு சொன்னால் பிழைக்காது. தோட்டம் தோட்டமாவே இருக்கட்டும். மறைக்காமல் உண்மையைச் சொன்னீரே, அது காணும் எனக்கு. நீர்தான் என்ரை மருமோன்."

"மாமா!" என்று கோகுலன் காலில் விழுந்தான். நாதஸ்வரம் மறுபடி எங்கிருந்தோ கேட்டது.

அப்போது இடுக்கியும் கையுமாக உள்ளே வந்தார், ஆய்வுகூட உதவியாளரான யோசப்பீன் அக்கா. வெறும் கிண்ணத்தைப் பார்த்தார். இரண்டு நெற்றிகளையும் பார்த்தார். கன்னத்தில் கைவைத்தார்.

"ஐயோ தம்பி, உங்கடை கல்லு இன்னும் உலையுக்கையெல்லோ கிடக்குது! நீங்கள் ரெண்டு பேரும் பூசியிருக்கிறது, பரிசோதிக்கிறதுக்கு நான் எரிச்சு ஆறவைச்ச வல்வெட்டித்துறைக் கருவாடு!"