முன்னாடி மாட்டிய ஃபேன்

அருமை மைத்துனனுக்கு உன் அக்காவின் கணவன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் அக்காவும் சுகம், கார் மட்டும் சுகமில்லை. அவ்விடம் நீ சௌக்கியமாக இருப்பதாகக் கேள்வி. என் வயிற்றெரிச்சலே அதுதான். ஃபோனில் என்னைப் பேச விடமாட்டாய் என்பதால் கடிதமாக எழுதுகிறேன். குறுக்கே பேசாமல் படி.

பெட்டி பெட்டியாக வந்திறங்கும் உதிரிகளைக் கோத்து நாமே கார் செய்துகொள்ளலாம் என்று என் தலையில் ஏற்றியவன் நீ. கோத்தேன். சக்கரம் நான்கும் சுற்றின, கதவு இரண்டில் ஒன்று மூடியது. "ஞாயித்துக்கிழமை இது என்னைப் பெரியக்கா வீட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரணும். இல்லேன்னா எடைக்குப் போட்டுட்டு, ஷெட்டுல என் தையல் மிஷினைப் போட்டுக்குவேன்" என்று உன் அக்கா கெடு வைத்தாள். இந்த வீட்டில் நான் குரலை உயர்த்தக்கூடிய ஒரே இடம் அந்த ஷெட்தான் என்பது உனக்கே தெரியும். பாக்கி இருந்தது ரேடியேட்டரைக் குளிர வைக்கும் கரண்ட் ஃபேன் மட்டுமே. உன்னைக் கேட்டேன். "ரேடியேட்டருக்கு முன்னாடி ஃபேனை மாட்டிடுங்க அத்தான். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு, கண்ணை மூடிக்கிட்டுக் கொடுங்க" என்றாய். பெரிய எலக்ட்ரீஷியன் சொல்கிறானே என்று ரேடியேட்டருக்கு முன்னால், மூக்குத்தி மாதிரி, அழகாக மாட்டினேன். கரண்ட் வரவில்லை. பக்கத்தில் சும்மா கிடந்த ஒரு ஒயரிலிருந்து எடுத்துக் கொடுத்தேன், சுற்றியது. அது ஹாரன் ஒயர் என்பது பிறகுதான் தெரிந்தது. ஃபேன் ஓடினால் ஹாரனும் அலறும். போகட்டும், வழியாவது விடுவார்கள் என்று செவ்வாய்க்கிழமை உன் அக்காவை ஏற்றிக்கொண்டு வெள்ளோட்டம் கிளம்பினேன்.

சிக்னலில் நின்றோம். எஞ்சின் சூடேறி ஃபேன் தானாக ஓட ஆரம்பித்தது. ஹாரன் அலறியது. காற்று எஞ்சின் பக்கம் போகாமல், சூட்டையெல்லாம் வாரிக்கொண்டு வெளியே அடித்தது. முன்னால் ஸ்கூட்டரில் நின்றவரின் பேன்ட் கால் இரண்டும் உப்பின. திரும்பினார். மறுநாள் எனக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கவிருந்த பல் டாக்டர்! "பச்சை விழலையே சார், என்ன அவசரம்?" என்று கத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அக்கா, "இவருக்குப் பல்வலி தாங்கலையாம் டாக்டர்" என்றாள். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் மரத்துப்போகும் ஊசியைச் சிக்கனமாகத்தான் போட்டார். பச்சை விழுந்து வண்டி வேகமெடுத்ததும் எதிர்க்காற்றும் ஃபேன் காற்றும் மல்லுக்கட்ட, நடுவில் ரேடியேட்டர் பொங்கி, எழுந்த ஆவியில் எனக்குத் தெருவே தெரியவில்லை. கயிறு கட்டி இழுத்துத்தான் வீடு சேர்ந்தோம்.

இன்று ஞாயிறு. உன் அக்கா காலையிலேயே ஷெட்டுக்குள் போய்விட்டாள், தையல் மிஷினுக்கு இடம் அளக்கிறாள் போலிருக்கிறது. எனக்கு அழுகையே வருகிறதடா. கரண்டுக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. உனக்கும் எனக்கும் இனிப் பேச்சுமில்லை. ஆனாலும் பெரிய மனது பண்ணி ஆசீர்வதிக்கிறேன்: நீயும் உன் மனைவியும் பல்லாண்டு, பல்லோடு வாழ்க.

இப்படிக்கு,
ஷெட்டைப் பறிகொடுக்கப்போகும்
உன் அத்தான்

பி.கு.: மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். நான் இதை எழுதிக்கொண்டிருந்தபோதே உன் அக்கா உனக்கு ஃபோன் போட்டு, "முன்னாடின்னு சொன்னியே, இடத்தைச் சொன்னியா, நேரத்தைச் சொன்னியா?" என்று கேட்டாளாமே. ரேடியேட்டரை மாட்டுவதற்கு முந்தியே ஃபேனை அதன் பின்பக்கம் மாட்டிவிடு என்றுதான் நீ சொன்னாயாம். பின்னால் நின்று இழுக்க வேண்டியதை முன்னால் வைத்தால் எதிர்த்திசையில்தான் ஊதுமாம். சிவப்பையும் கறுப்பையும் இடம் மாற்றினாள், ஃபேன் திசை மாறியது. ஹாரனைப் பிரித்துவிட்டு ஃபேனுக்குத் தனி ஒயரும் இழுத்துவிட்டாள். ஆவியும் இல்லை, அலறலும் இல்லை, பெரியக்கா வீட்டுக்குத் தானே ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நானும் வருகிறேன் என்று பின்னாலேயே ஓடினேன். கண்ணாடியை இறக்கி, "ஷெட்டை நீங்களே வெச்சுக்குங்க, கார் எனக்கு" என்று சொல்லிவிட்டுத் தெருமுனை திரும்பிவிட்டாள்.