மாமாவை மறக்காத மெத்தை

அயலவன் காணியைப் பார்த்து வயிறெரிகிறவர்கள் உண்டு. ஒன்றுவிட்ட தம்பிக்குக் கனடா விசா கிடைத்ததைக் கேட்டுச் சோறு இறங்காமல் இருந்தவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களையெல்லாம் நான் மதிக்கிறேன். பொறாமைப்பட அவர்கள் தேர்ந்தெடுத்தவை பெரிய விஷயங்கள். நான் பொறாமைப்பட்டது ஒரு மெத்தையின் மேல்.

அந்த மெத்தை புளியங்குளத்தில், என் சகலன் நேசன் வீட்டில் இருந்தது. என் மனைவி சுகியின் தங்கையைக் கட்டியவன் நேசன். குணத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. அவனிடம் எனக்குப் பிடிக்காத முதல் விஷயமே அதுதான். குறை உள்ளவனோடு போட்டி போடலாம். நேசனோடு என்னத்தைப் போடுவது?

மெத்தை வருமுன் மாமா எங்கள் வீட்டில் இருந்தார். மாமா என்றால் சுகியின் தகப்பன். மாமி காலமான பிறகு மாங்குளத்தில் எங்களோடேயே தங்கிவிட்டார். எனக்கு வீதியோரத்தில் விதைநெல்லும் பயிர் மருந்தும் விற்கிற கடை. பின்னேரம் பூட்டிவிட்டு வந்தால், மாமா கரம் விளையாடுகிற பலகைக்குப் பவுடர் தூவித் தடவியபடி காத்திருப்பார். தேத்தண்ணி ஆறிப்போகும்வரை விளையாடுவோம். ஒவ்வொரு நாளும் நான்தான் வெல்வேன். (விடாமல் சிவப்புக் காயையும் சேர்த்தே எடுப்பேன்.) "நாளைக்குப் பாப்பம்" என்று மாமா காய்களை அடுக்குவார். பெற்ற தகப்பனோடுகூட எனக்கு அப்படி ஒரு ஒட்டு இருந்ததில்லை. அந்த ஒரு மணித்தியாலத்துக்காகத்தான் நான் பகல் முழுக்கப் பூச்சி மருந்து மணத்துக்குள் இருந்தேன் என்று சொன்னாலும் பிழையில்லை.

அப்போதுதான் நேசன் கொழும்பிலிருந்து மெத்தையை இறக்கினான். மாமாவுக்கு நெடுநாளாக இடுப்பு நோ. "ஒரு கிழமை படுத்துப் பாத்திட்டு வாறன் தம்பி" என்று பையோடு போனவர், காலபோக நெல்லை வெட்டி, சிறுபோகம் விதைத்த பிறகும் வரவில்லை.

கூட்டிவரப் போனேன். நேசன் மெத்தை உறையின் சிப்பை ஒரு மூலையில் இழுத்துத் திறந்து உள்ளே இருந்த அடுக்குகளைக் காட்டினான். கீழே இறுக்கமானது, நடுவில் ஒன்று, மேலே மெமரி ஃபோம். அது உடம்பை ஞாபகம் வைத்திருக்குமாம். நான் விரலால் அமத்தினேன். விரல் போன பள்ளம் அப்படியே நின்று, பிறகு மெல்ல நிரம்பியது. "வடிவா அமத்திப் பாருங்கோ அண்ணை" என்றான் நேசன், முழு அன்போடு. மாமா அந்த மெத்தையில் காலை நீட்டிக்கொண்டு, சுகி எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார். வருவதைப் பற்றிக் கதைக்கவே இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் முடிவெடுத்தேன். மெத்தையை வாங்கினால் நேசனைப் பார்த்து வாங்கினதாகிவிடும். ஆகவே நானே செய்வது. அவனுடையதில் மூன்று அடுக்கு என்றால் என்னுடையதில் நாலு.

சுகியிடம் சொன்னேன். அவள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "இஞ்சரப்பா, இந்த வீட்டிலை ஒரு கதிரைக்குக் கால் ஆடுது. அதை முதலிலை பாருங்கோ" என்றாள். தொலைநோக்கு உள்ளவர்களை வீட்டில் யாரும் விளங்கிக்கொள்வதில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

கிளிநொச்சியில் ஓட்டோ ஆசனமும் செற்றிக் கதிரையும் தைக்கிற ஒரு குஷன் கடை. நான் சும்மா போகவில்லை. மாமாவின் பாரத்துக்குக் கிட்ட வரும் ஒரு விதைநெல் மூட்டையை லொறியில் ஏற்றிக்கொண்டு போனேன். ஃபோம் துண்டுகளைக் கடை நிலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது, மூட்டையைத் தூக்கி மேலே படுக்கவைப்பது, குந்தியிருந்து எவ்வளவு புதைகிறது என்று பார்ப்பது. சரிவராவிட்டால் அடுக்கை மாற்றுவது. ஓட்டோ ஆசனம் தைக்க வந்த ஒருவர் கடைசியில் பொறுக்கமாட்டாமல், மூட்டைக்கு என்ன வருத்தம் என்று கேட்டார். மூட்டையை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தேன். மாமா இடப்பக்கம்தான் சரிந்து படுப்பார்.

கடை முதலாளியின் குடும்பம் மலையகத்திலிருந்து வந்து குடியேறியது. அவர் பொறுமையான மனிசன். வெட்டுத்துண்டுகளை அமத்திச் செய்த பலநிற ஃபோமை அடியில் போடச் சொன்னார். அதற்கு மேல் இறுக்கமான மஞ்சள், அதற்கு மேல் மெதுவான வெள்ளை, அவ்வளவே போதும் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. உச்சியில் இன்னொன்று வேண்டும் என்று அடம்பிடித்து, தொட்டால் கை காணாமல் போகிற ஒரு ரோஸ் நிற ஸ்பொஞ்சைத் தெரிவு செய்தேன். அது தலையணைக்குப் போடுவது என்றார். என் மாமா முழுவதுமே தலையணையில் படுக்கட்டும் என்றேன்.

எல்லாம் சரியாகத்தான் போனது. அடுக்குகளை ஒட்டுவதற்கு ஒரு ரின் பசையை எடுத்து நீட்டியபோது அவர் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டார். "கொழும்புக் கம்பனிக்காரங்களும் இதத்தாங்க பூசுறாங்க."

அதாவது நேசனின் மெத்தையிலும் இதே பசை. ரின்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

எனக்கு அதைவிடத் திறமான பசை வேண்டும். ஃபோம் துண்டுகளோடு மாங்குளம் திரும்பிய நேரம் பார்த்து என் கடைக்கு வந்தான் அன்ரன். கொக்கிளாயில் கடற்தொழில் செய்கிறவன். எங்கள் பக்கக் கடைகளுக்குக் கருவாடு போட வந்தால் என்னிடம் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போவான். ஒரு பெரிய சாமான் ஒட்ட வேண்டும், நல்ல பசை தெரியுமா என்று கேட்டேன். என்ன சாமான் என்று கேட்டான். சொல்லவில்லை. அன்ரன் புளியங்குளத்துக் கடைகளுக்கும் கருவாடு போடுகிறவன். நான் மெத்தை செய்கிறேன் என்று கருவாட்டோடு சேர்ந்து கதையும் நேசனிடம் போய்விட்டால்?

அன்ரன் அடுத்த முறை வரும்போது ஒரு கலனில் தேன்நிறத் திரவமும், ஒரு சின்னப் போத்தலும் கொண்டுவந்தான். "வள்ளத்திலை ஓட்டை விழுந்தால் நாங்கள் இதாலைதான் ஒட்டுறனாங்கள். ஒட்டினால் கடலாலையும் பிரிக்கேலாது. போத்தலிலை இருக்கிறதை அளவா விடுங்கோ. குறைய விட்டால் ஆறுதலா, மெல்லமாத்தான் இறுகும், கூட விட்டால் கையிலேயே இறுகிப்போடும்."

கடலாலேயே பிரிக்க முடியாததை நேசனா பிரிக்கப் போகிறான்? வாங்கி வைத்துக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் சுகி விரால் மீன் குழம்பு வைக்கிறாள் என்று மாமாவுக்குப் போன் பண்ணினேன். குளத்து விரால் என்றால் மாமா இடுப்பைக் கழற்றி வைத்துவிட்டாவது வருவார். பின்னேரம் தேத்தண்ணிக்கு நேசன் குடும்பத்தையும் கூப்பிட்டேன். (ஏன் கூப்பிட்டேன் என்று நான் சொல்லவேண்டியதில்லை.)

காலையில் முற்றத்தில் அடுக்குகளை விரித்துத் திரவத்தைக் கலந்தேன். மருந்து கலக்கிப் பழகிய கை. கூடப் போட்டால் பயிர் கருகும், குறையப் போடுங்கள் என்று கமக்காரருக்குச் சொல்லிச் சொல்லியே என் வாய் தேய்ந்திருக்கிறது. ஆகவே சின்னப் போத்தலிலிருந்து ஒரு சொட்டுக்கு மேல் சேர்க்க மனம் வரவில்லை. பிறகு ஃபோமில் ஊற்றினேன். ஃபோம் குடித்தது. இன்னும் ஊற்றினேன். அதையும் குடித்தது. பசை வெளியில் தெரியவேயில்லை, ஒட்டுமா என்று சந்தேகமாக இருந்தது. கலன் முடியும்வரை ஊற்றினேன். உச்சியில் இருந்த ரோஸ் ஸ்பொஞ்சுதான் அதிகம் குடித்தது.

சுகி தைத்து வைத்திருந்த உறையைப் போட்டுச் சிப்பை இழுத்தேன். வீடு முழுக்க ஒரு நெடி. "இது என்ன நாத்தம்?" என்று கேட்டாள் சுகி. புது மெத்தை என்றால் அப்படித்தான், நேசன் வீட்டிலும் மணத்தது என்று பொய் சொல்லிவிட்டு, கரம் பலகைப் பவுடரை எடுத்து உறை முழுக்கத் தூவினேன்.

மாமா வந்தார். அவருக்கு எப்போதும் மூக்கடைப்பு. அன்று அது என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். விரால் குழம்போடு இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டார். பிறகு பெனியனும் இடுப்பில் கட்டிய சாரமுமாக மெத்தையில் ஏறி, இடப்பக்கம் சரிந்தார். மெதுவாகப் புதைந்தார். நான் பக்கத்தில் குந்தியிருந்து எவ்வளவு புதைகிறார் என்று பார்த்தேன்.

"தம்பி," என்றார் கண்ணை மூடிக்கொண்டே. "இடுப்புக்கு ஒத்தணம் குடுத்த மாதிரி இளஞ்சூடா இருக்கு. நேசன்ரை மெத்தையிலை உது இல்லை."

என் வாழ்க்கையில் அதைவிட இனிய சொல்லை நான் கேட்டதில்லை. மாமா குறட்டை விடத் தொடங்கினார். நான் விறாந்தையில் இருந்து, நேசன் வரும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று பழகினேன். பெருமை தெரியக்கூடாது, ஆனால் கொஞ்சம் தெரியவும் வேண்டும்.

(அந்தச் சூடு என் திறமை அல்ல. அந்தத் திரவம் இறுகும்போது சூடாகும். இதை அன்ரன் பிறகுதான் சொன்னான், சிரித்து முடித்த பிறகு.)

நேசன் குடும்பம் வந்து கதிரையில் இருந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து மாமாவின் குரல் வந்தது. "தம்பி, என்னாலை எழும்பேலாமல் கிடக்கு." எல்லோருமாக உள்ளே ஓடினோம். மாமா படுத்தபடியே இருந்தார். மெத்தையும் அவர் படுத்தபடியே இருந்தது. தோளுக்கு ஒரு பள்ளம், இடுப்புக்கு ஒரு பள்ளம், மடித்த முழங்காலுக்கு ஒரு பள்ளம். நான் விளிம்பில் தட்டினேன். கதவில் தட்டின சத்தம் கேட்டது. சாரமும் பெனியனும் உறையோடு சேர்ந்து மெத்தையின் பகுதியாகிவிட்டிருந்தன.

சுகி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

நேசன் கத்தரிக்கோல் கேட்டான். மாமாவின் தோலில் படாமல், வெகு நிதானமாகச் சாரத்தைச் சுற்றி வெட்டினான். பெனியனை முதுகுப்பக்கம் திறந்தான். எங்களையெல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டு மாமாவைத் தூக்கி எடுத்தான். எங்கே போனாலும் தன் பையில் கொண்டுபோகிற மாற்றுச் சாரத்தை அவருக்குக் கட்டிவிட்டான். மாமாவின் உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஒரு தடவையாவது சிரித்திருந்தால் அவனை மன்னித்திருப்பேன். சிரிக்கவில்லை. "நல்ல முயற்சி அண்ணை, பசைதான் மாறிப்போச்சு" என்றான். அன்று அவனை வெறுத்ததுபோல் நான் யாரையும் வெறுத்ததில்லை.

மாமா நேசனின் சாரத்தோடு, கால் ஆடுகிற கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். "உதெல்லாம் ஏன் தம்பி உமக்கு?" என்று கேட்டார்.

எனக்கு அடக்க முடியவில்லை. "நேசன்ரை மெத்தைக்காகத்தானே நீங்கள் எங்களை விட்டிட்டுப் போனனீங்கள்?" என்றேன். கடை வைத்திருக்கிற ஆம்பிளை, ஒரு மெத்தைக்காக மாமனாருக்கு முன் அழப்பார்த்தேன்.

மாமா கோப்பையைக் கீழே வைத்தார். "ஆர் மெத்தைக்குப் போனது? எத்தினை வருசமா உம்மோடை கரம் விளையாடினனான். ஒரு நாளாவது என்னை வெல்ல விட்டனீரோ? நேசன் விடுவான். நானும் மனிசன்தானே?"

நேசன் நிலத்தைப் பார்த்தான். சிவப்புக் காயையும் சேர்த்தே எடுத்த கை, என் மடியில் சும்மா கிடந்தது.

அந்த மெத்தை இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. எரிக்கவும் முடியாது, வெட்டவும் முடியாது. அடியில் பலநிற ஃபோம், நடுவில் மஞ்சள், வெள்ளை, உச்சியில் ரோஸ் எல்லாம் ஒரே கல்லாகிவிட்டன. நேசனின் மெத்தை விரலை ஒரு நிமிடத்தில் மறந்துவிடும். என்னுடையது மாமாவை மறக்கவே இல்லை. எங்கள் சொந்தத்தில் யார் வந்தாலும், எங்கள் வீட்டில் எதிலும் குந்தியிருக்குமுன் கையால் தொட்டுப் பார்த்து, "காய்ஞ்சிட்டுதோ?" என்று கேட்பார்கள். கலியாண வீடுகளிலும் கேட்கிறார்கள். நேசன் மட்டும் கேட்பதில்லை. அதுவும் எனக்கு எரியும்.

ஆனால் மாமா திரும்பி வந்துவிட்டார். பாதி மாதம் அங்கே, பாதி மாதம் இங்கே. மத்தியானங்களில் அந்த மெத்தையில்தான் படுக்கிறார், இடப்பக்கம் சரிந்து, தன் பள்ளத்துக்குள். இடுப்புக்கு நல்லதென்கிறார். பின்னேரம் கரம் விளையாடுகிறோம். நான் தோற்கிறேன். சிவப்புக் காயைக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டு, கை வழுக்கினதுபோல் நடித்து, தலையில் கைவைத்து, என்னால் முடிந்ததையெல்லாம் செய்கிறேன்.

போன கிழமை வென்றுவிட்டுக் காய்களை அடுக்கும்போது மாமா சொன்னார்: "தம்பி, நீர் விட்டுக் குடுக்கிறது அப்பிடியே தெரியுது. நேசன் தோத்தால் தோத்த மாதிரியே இருக்கும். அவனிட்டை ஒருக்காக் கேட்டுப் பழகும்."