வளையத்துக்குள் நுழைந்த டைனோசர் காலம்

“சனிக்கிழமை, பகல் 11.10. கல் போய்விட்டது.”

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. போனதற்குக் காரணமானவர், உலகத்தையே இரண்டாகப் பிரித்து வைத்திருந்தவர்: வளையத்துக்குள் நுழைவது, நுழையாதது.

வளையம் அண்ணாச்சி என்றால்தான் தூத்துக்குடியில் அவரைத் தெரியும். கடலில் முங்கிச் சங்கு குளித்தவர். வலது காது கெட்டு, இனி முங்கக் கூடாது என்று டாக்டர் தடுத்தபின் சங்குக் கொட்டகையில் தரம் பிரித்தார். இரும்பு வளையத்துக்குள் நுழைந்துவிடும் சங்கு, குட்டி. அதை உயிரோடு கடலுக்கே திருப்பிவிட வேண்டும். வேலையிலிருந்து நின்ற பிறகும் வளையம் அவர் இடுப்பை விட்டு இறங்கவில்லை. ஓரிடத்தில் ஐந்து நிமிடம் உட்காரவும் மாட்டார். கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். நான்கு நிமிடம்தான் சாதனை. டீக்கடையில் வடையை வளையத்தில் விட்டுப் பார்ப்பார். நுழைந்துவிட்டால், “ஏலே, இது குட்டி. எண்ணெயிலயே திருப்பி விடு, வளரட்டும்” என்பார். கடைக்காரர் அவருக்கென்றே பெரிதாக இரண்டு வடை சுட ஆரம்பித்தார்.

அன்றைக்கு என் வீட்டுக்கு வந்த இவரிடம் போய் நான் அந்தக் கல்லைக் காட்டினேன்.

பெரம்பலூர்ப் பக்கம் கடல் கிடந்த காலத்தில் படிந்தது, காரை என்ற ஊரின் பாறை. அதில் கிடைத்த அம்மோனைட்டு அது. சங்குபோல் சுருண்ட ஓடுள்ள கடல் உயிர், கல்லாகிப்போனது. எலுமிச்சம்பழ அளவு. கல்லூரியில் ஜியாலஜி நடத்தும் சாத்தான்குளத்து டீச்சர் மாணவியாக இருந்தபோது எடுத்தது. திங்கட்கிழமை செய்முறைத் தேர்வுக்கு வேண்டும், வேறு கல் இல்லை என்று சொல்லித்தான் இரவல் தந்திருந்தார்.

“வயசு என்ன இருக்கும்?” என்றார் அண்ணாச்சி, வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே.

“பத்துக் கோடி வருஷம், அண்ணாச்சி. டைனோசர் காலம்.”

வளையத்தை எடுத்தார். கல் தடங்கலில்லாமல் நுழைந்து அந்தப்பக்கம் வந்தது.

“பத்துக் கோடி வருஷமா இவ்வளவுதான் வளந்திருக்கா?”

காபி எடுத்துவர உள்ளே போனேன். திரும்பினால் அண்ணாச்சியும் இல்லை, கல்லும் இல்லை. பழைய துறைமுகக் கரையில் போய்ப் பிடித்தேன். கையை வீசி முடித்திருந்தார்.

“குட்டியக் கரையில வச்சிருந்தா பாவம்லா.”

“அண்ணாச்சி, அது கல்லு!”

“கரையில போட்டுக் கல்லாக்கிட்டீரு, அதத்தான் சொல்லுதேன். தண்ணியில விட்டிருந்தா ஆயிருக்குமா?”

அங்கிருந்தே டீச்சருக்குப் போன் போட்டேன். அவர் திட்டவில்லை. “பிள்ளைங்களுக்கு வேற எதக் காட்டுவேன்?” என்று மட்டும் கேட்டார். நல்ல காதை என் போனோடு ஒட்டிக் கேட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சியின் முகம் வாடிவிட்டது.

“பரீட்சைக்கா? முன்னயே சொல்லதுக்கென்னவே?”

வேட்டியை மடித்துக் கட்டி, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் காலால் துழாவினார். சனிக்கிழமை இருட்டும்வரை. ஞாயிறு விடிந்ததும் மறுபடி. “முங்கிராதீய அண்ணாச்சி!” என்று கத்திக்கொண்டு நான் கரையில் அங்குமிங்கும் நடந்தேன்.

“நீரு முதல்ல ஓரிடத்துல நில்லும்வே. கண்ணு சுத்துது.”

ஞாயிறு மதியம் நான் சாப்பிட்டுவரப் போன முக்கால் மணி நேரத்தில் கல் கிடைத்துவிட்டது. “அலை ஒதுக்கிச்சு” என்று துண்டில் சுற்றித் தந்தார். தலைமுடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அந்த இரண்டு நாளும் கடல் குளம்போலக் கிடந்தது.

தேர்வு நல்லபடியாக நடந்தது. இப்போது அண்ணாச்சியோடு நடக்கும்போது நான் அவரது இடப்பக்கம் வந்துவிடுகிறேன். அந்த ஞாயிறுக்குப் பிறகு அவருக்கு வலது காது சுத்தமாகக் கேட்பதில்லை. கல்லை அலைதான் ஒதுக்கியதா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படாத செய்தி. அவரிடம் நான் கேட்கப்போவதும் இல்லை.