மழைத்தோட்டத்தில் ஒரு தலையணை

எங்கள் தெருவில் மழைத்தண்ணீர் தேங்குவதே இல்லை. இதை எதிர்த்துப் போராடியே தீருவது என்று நான் முடிவு கட்டினேன். இப்படி ஒரு முடிவை உலகத்தில் எவனும் கட்டியிருக்க மாட்டான்!

காரணம் காதல். கல்யாணமான புதிதில், முழங்கால் தண்ணீரில் என் மனைவியை அலாக்காகத் தூக்கிக்கொண்டு இதே தெருவைக் கடந்தேன். கழுத்தைக் கட்டிக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அப்புறம் அவள் அப்படிச் சிரிக்கவே இல்லை. முதுகு கைவிடுவதற்குள் இன்னொரு தடவை தூக்கிவிட வேண்டும்.

ஆனால் இப்போது தெருவோரம் நீளமாகப் பள்ளம் வெட்டி, மணலும் செடியும் போட்டு, மழைத்தோட்டம் என்கிறார்கள். எங்கள் வாசலில் ஓரக்கல்லில் ஒரு திறப்பு. தெருத்தண்ணீர் அதற்குள் போய் மண்ணில் இறங்கிவிடுகிறது. செருப்புகூட நனைவதில்லை. நாசமாய்ப் போக!

இன்று வானம் இருட்டியதும் என் தலையணையை அந்தத் திறப்பில் திணித்துவிட்டேன். கொட்டியது மழை. கணுக்கால் வரைதான் நின்றது. காதலுக்கு அது போதும்.

"கடைக்குப் போகணுமே, தெரு இப்படிக் கெடக்கே!" என்றாள் மனைவி.

"நான் எதுக்கு இருக்கேன்? தூக்கிட்டுப் போறேன் வா. அன்னிக்கு மாதிரி!"

"அன்னிக்கு நடுத்தெருவுல தொப்புன்னு போட்டீங்களே, அது மாதிரியா?"

"போட்டேனா? நீ சிரிச்சியேடி!"

"சிரிக்காம? நீங்களும்தானே கூட விழுந்தீங்க!"

சத்தியமாக எனக்கு அது ஞாபகமில்லை.

"சரி, பக்கத்து வீட்டுத் தையற்கார அண்ணன் கடைக்குப் போக முடியாம நிக்கிறாரு. முதல்ல அவரைக் கொண்டுபோய் விடுங்க. கீழ போடாம வந்தீங்கன்னா அப்புறம் நான்."

தையற்காரர் இரண்டு ஆள் கனம். "பாத்து தம்பி, புதுச் சட்டை" என்று முதுகில் ஏறியவர், தெருமுனையில் தன் கடை வாசல் வந்துதான் இறங்கினார். எனக்கு விழி பிதுங்கிவிட்டது. ஆனாலும் போடவில்லையே! மூச்சு வாங்கிக்கொண்டு, ஆசை ஆசையாகத் திரும்பி ஓடினேன்.

தெருவில் தண்ணீரைக் காணோம். கடைசி மடக்கையும் களக் களக்கென்று குடித்துக்கொண்டிருந்தது மழைத்தோட்டம். நடுத்தெருவில் செருப்பு நனையாமல் நடந்து வந்தாள் என் மனைவி, வாய் கொள்ளாத சிரிப்போடு. அதே பழைய சிரிப்பு! எனக்கு நெஞ்சே குளிர்ந்துவிட்டது.

சொட்டச் சொட்டத் தலையணையை என் கையில் வைத்தாள்.

"நல்லாப் பிழிஞ்சு வைங்க. ராத்திரி நீங்க இதுலதான் படுக்கணும்."